நீலத் தெறியிலை நூறு கிராம்

உனக்கேனடி உந்த விடுப்பு? போன கிழமைதான் பல்லுக் கட்டின கதை சொன்னன், அது காணாதே? இப்ப வந்து, "ஆச்சி, உங்கடை கடையிலை ஒரு வெள்ளைக்கார மனிசி நிண்டு கடலை நிறுத்தவவாமே, ஆரவ?" எண்டு கேக்கிறாய். ஆர் சொன்னது? மேல்வீட்டுப் பவளம்தானே? அந்த மனிசிக்குத் தெருப்பக்கம் யன்னல் வைச்ச வீட்டைக் குடுத்தது பெரிய பிழை.

சரி, மூஞ்சையை நீட்டாதை. ஃபோனை எடு, நான் சொல்லச் சொல்ல எழுது. நான் படிச்சது நாலாம் வகுப்பு, அதிலையும் பாதி நாள் மழை. எழுத்திலை பிழை வந்தா அது துஷி, உன்ரை பிழை. கதையிலை பொய் வந்தா அது என்ரை பொறுப்பு.

ஒரு பெரிய பொய் வருகுது. முதலே சொல்லிப்போட்டன்.

மூண்டு மணிக்கு டெர்மின்

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. மழையுமில்லை, வெயிலுமில்லை. ஜெர்மன்காரரிட்டைச் சுகம் கேட்டா "குறை சொல்ல ஏலாது" எண்டுவினமே, அப்பிடி ஒரு நாள்.

நான் கடையிலை தனிய. மோன் ரூபன் டோர்ட்முண்டுக்குச் சாமான் ஏத்தப் போயிட்டான். நான் துணியிலை தேங்காயெண்ணெய் தொட்டு அலுமாரியைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறன். கலியாணப் பொம்பிளையைத் துடைச்சு அலங்கரிக்கிற மாதிரி எண்டு நினையாதை. அண்டைக்கு மூண்டு மணிக்குப் பழைய சாமான் வாங்கிற ஆள் வந்து அதைக் கழட்டிக்கொண்டு போறதாப் பேச்சு. ரூபன் நேரம் குறிச்சு டெர்மின் குடுத்திட்டான்.

அந்த அலுமாரியை நீ பாத்திருக்கிறாய்தானே. வாசிக்கிற ஆக்கள் பாக்கேல்லை, அவைக்குச் சொல்லுறன். ஒரு சுவர் முழுக்க நிக்கும். எட்டு வரிசை, வரிசைக்கு ஒம்பது லாச்சி, இழுத்துத் திறக்கிறது. எழுபத்திரண்டு. ஒவ்வொரு லாச்சியின்ரை முகத்திலையும் ஒரு தெறி கம்பியாலை கட்டிக் கிடக்கும். சட்டைத் தெறி, கோட்டுத் தெறி, முத்துத் தெறி, கொம்புத் தெறி. இப்பத்தையப் பிள்ளையள் பட்டன் எண்டு சொல்லுறியள். தெறி எண்டு எழுது.

அது போற இடத்திலை மீன் வைக்கிற பெரிய பிரீசர் வரப்போகுதாம். ரூபனிலையும் பிழையில்லை. இந்தப் பீலெஃபெல்ட் சுத்துவட்டாரத்திலை எங்கடை சனம் வெந்தயம் இல்லாமல் ஒரு கிழமை இருக்கும், பாரை மீன் இல்லாமல் இருக்காது. ஆனா பிரீசருக்குள்ளை வாறதெல்லாம் பையிலை அடைச்சு எழுத்து ஒட்டி வரும். எனக்கு ஜெர்மன் எழுத்து வாசிக்க ஏலாது. தெறியைப் பாத்து எடுத்துக் குடுக்கத்தான் தெரியும்.

அப்ப அலுமாரி போனா நானும் போறன். ரூபன் அதைத் தேன் தடவிச் சொன்னவன், "அம்மா, இனி நீங்கள் வீட்டிலை ஆறுதலா இருங்கோவன்."

ஆறுதலா இருக்கிறதுக்கு நான் என்ன பூச்சாடியே?

தெறி எப்பிடிச் சீரகம் ஆனது

நாங்கள் கடையை எடுக்கேக்கை அலுமாரி உள்ளுக்கு நிண்டது. எங்களுக்கு முதல் வீடியோக் கடை. அதுக்கு முதல் சப்பாத்துத் தைக்கிறவர். ஒருத்தராலையும் அதை வெளியிலை எடுக்க ஏலேல்லை, வாசல் சின்னன். வீட்டுக்காரர், "கிடக்கட்டும், வைச்சிருங்கோ" எண்டிட்டார்.

அப்ப என்ரை மனிசன் இருந்தவர். அவர் மசாலாச் சாமானை லாச்சியளிலை கொட்டி, அழகான கையெழுத்திலை தமிழிலை எழுதி ஒட்டினார். வந்த ஜெர்மன்காரர் அதைப் பாத்துச் சாமி படம் எண்டு நினைச்சுக் கும்பிடாத குறை. பேந்து மருமகள் ஜெர்மனிலை எழுதி ஒட்டினாள். அவை வாசிச்சினம், நான் முழிச்சன். ஒருக்கால் மல்லி கேட்ட மனிசிக்குக் கடுகு குடுத்து விட்டன். அவ அதிலை கேக் சுட்டவ. பேந்து ஒரு மாதம் என்னோடை கதைக்கேல்லை.

அதுக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தன். ஒட்டினதெல்லாத்தையும் கிழிச்சுப்போட்டு, தெறியைக் காட்டிக் கேளுங்கோ எண்டன். நீலத் தெறி சின்னச்சீரகம். நாலு ஓட்டைக் கறுப்பு மிளகு. முத்துத் தெறி ஏலக்காய், ஏனெண்டா ரெண்டுக்கும் விலை பெரிசு. செப்புத் தெறி கராம்பு.

ஒரு வருசத்திலை அந்தச் சின்ன ரவுண் முழுக்கப் பழகிட்டுது. பல்லு டொக்டரின்ரை மனிசி வந்து, "நீலத் தெறியிலை நூறு கிராம்" எண்டுவா. அவவின்ரை சமையல் கொப்பியிலையும் அப்பிடித்தான் எழுதிக் கிடக்காம், பருப்புக்கு ஒரு கரண்டி நீலத் தெறி எண்டு. ஆரும் பேந்து அதை வாசிச்சுப் பாத்தா அவவை ஆஸ்பத்திரியிலை விடுவினம்.

ஒரேயொரு லாச்சி மட்டும் திறக்காது. அஞ்சாம் வரிசைத் தொங்கல், கடைசியா நிக்கிறது, தோல் தெறி. இழுத்தும் பாத்தாச்சு, எண்ணெய் விட்டும் பாத்தாச்சு. ரூபன் நெம்பித் திறக்கத் திருப்புளி கொண்டு வர, நான் கையிலை அடிச்சன். ஆரும் அந்தத் தெறியைக் காட்டிக் கேட்டா, "முடிஞ்சுது, அடுத்த கிழமை வரும்" எண்டுவன். ஹார்ட்மூட் எண்டு ஒரு பென்சன் வாத்தியார் விடாமல் கேப்பார். இருபது வருசமா அவருக்கு அடுத்த கிழமைதான்.

எங்கை விட்டனான்? ஓம், துடைச்சுக்கொண்டு நிக்கிறன்.

பச்சைக் கோட்டு

கதவு மணி கிணிங் எண்டுது. ஒரு மனிசி. என்ரை வயசு இருக்கும், என்னிலும் கட்டை. பச்சைக் கோட்டு, பெரிய பெரிய தெறி. உள்ளுக்கு வந்தவ சாமானைப் பாக்கேல்லை. நேரை அலுமாரியைப் பாத்தா. பாத்துப்போட்டு மூக்கை உயத்தி மணந்து பாத்தா.

"மணம் வேறை" எண்டா.

"அது பெருங்காயம்" எண்டன் நான். "என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். என்ரை பேர் ஹன்னா. கனடாவிலையிருந்து வாறன். இது என்ரை அப்பப்பாவின்ரை கடை."

அவவின்ரை ஜெர்மன் விளங்கிச்சுது. ஏன் விளங்கிச்சுது எண்டு பிறகுதான் பிடிபட்டது. அவ தேப்பனிட்டைக் கேட்டுப் பழகினது கடை ஜெர்மன். எவ்வளவு வேணும், வேறை என்ன வேணும், பையிலை போடட்டோ. என்ரையும் கடை ஜெர்மன். கடைக்கு வெளியிலை ரெண்டு பேரும் ஊமையள்.

கதிரையிலை இருத்தினன். சொன்னா. அவை யூத ஆக்கள். அப்பப்பாவின்ரை தேப்பன் ஒரு பெட்டியை முதுகிலை கட்டிக்கொண்டு ஊர் ஊரா நடந்து ரிப்பன், ஊசி, தெறி வித்தவராம். நடந்து நடந்து கால் ஓய, இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். அப்பப்பா அதைப் பெருப்பிச்சார். ஹன்னாவின்ரை தேப்பன் இளந்தாரியா இருக்கேக்கை, கெட்ட காலம் வர முதல், கனடாவுக்குப் போயிட்டார். ரொறொன்ரோ இல்லை. வடக்கை, சுரங்கம் தோண்டின ஒரு புது ஊர். ஒரு தெரு, அதிலை கரடியும் நடக்கும் மனிசரும் நடப்பினமாம். அங்கை ஒரு கடை போட்டார்.

அப்பப்பாவும் அப்பம்மாவும் கடையை விட்டிட்டு வரமாட்டம் எண்டு இங்கை நிண்டவை. அவைக்கு என்ன நடந்தது எண்டதை அவ ஒரு வசனத்திலை சொன்னா. நானும் கேட்டுப்போட்டு அவவின்ரை கையைப் பிடிச்சன்.

பேந்து அவ அலுமாரியைக் காட்டி, "அது..." எண்டு வாயெடுத்தா.

மூண்டு மணிக்கு ஒருத்தன் வாறான். அதுக்குள்ளை இன்னொருத்தி வந்து நிக்கிறா. ஒரே நாளிலை ஒரு அலுமாரிக்கு ரெண்டு பேர்.

"அதோ?" எண்டன். "அது யாழ்ப்பாணத்திலையிருந்து கப்பலிலை வந்தது. என்ரை அப்பு செய்வித்தது."

இதுதானடி அந்தப் பொய்.

பொய்க்கு மேலை பொய்

அவ தலையைச் சரிச்சுக் கேட்டா, "யாழ்ப்பாணத்திலை மசாலா அலுமாரிக்குத் தெறி கட்டுவினமோ?"

"ஓம், வழமை. சட்டைக்குக் கட்டாட்டியும் அலுமாரிக்குக் கட்டுவம்."

அந்த நேரம் பாத்து டொக்டரின்ரை மனிசி வந்து, "நீலத் தெறியிலை நூறு கிராம்" எண்டா. ஹன்னாவின்ரை கண் ரெண்டும் கோப்பை மாதிரி விரிஞ்சுது. நான் லாச்சியை இழுத்துச் சீரகம் நிறுத்துக் குடுத்தன். ஹன்னா தலையைக் குனிஞ்சு கைப்பையை மடியிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா.

அந்த இருப்பு எனக்குத் தெரிஞ்ச இருப்பு.

சண்டை முடிஞ்சு ஊருக்கு ஒருக்காப் போனனான். எங்கடை வீட்டிலை ஆரோ இருந்தினம். படலையிலை நிண்டு, "இது எங்கடை வீடு, ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டோ?" எண்டு கேட்டன். "இல்லையம்மா, இது எங்கடை அப்பு கட்டினது" எண்டு ஒரு பெடிச்சி சொன்னாள். உள்ளுக்கு ஆரோ கிணத்திலை தண்ணி அள்ளினம். கப்பி கிறீச்செண்டு ரெண்டு தரம் கத்திப்போட்டு மூண்டாந்தரம் சும்மா இருக்கும். எங்கடை கப்பி. நானும் அப்பிடித்தான் கைப்பையைப் பிடிச்சுக்கொண்டு திரும்பினன்.

அந்தப் பெடிச்சியை எத்தினை நாள் திட்டியிருப்பன். இப்ப பாத்தா அவள் என்ரை வாய்க்குள்ளையே இருக்கிறாள்.

இடுப்பு

ஹன்னா எழும்பினா. "போக முதல் ஒண்டு கேக்கட்டோ? அந்தத் தோல் தெறி லாச்சியை ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டோ?"

"அது திறக்காது."

"தெரியும்" எண்டா.

கல்லாவைச் சுத்தி உள்ளுக்கு வந்தா. கையை வைக்கேல்லை. பக்கவாட்டிலை நிண்டு, அலுமாரிக்கு இடுப்பாலை ஒரு இடி குடுத்தா பார். எண்பது வயசு மனிசியின்ரை இடி. லாச்சி தானா ஒரு சாண் வெளியிலை வந்துது.

இடிச்ச வேகத்திலை அவவின்ரை கோட்டுத் தெறி ஒண்டு தெறிச்சுப் போய், நிலத்திலை விழுந்து ரெண்டா உடைஞ்சுது.

அவ ஃபோனிலை ஒரு படம் காட்டினா. வடக்குக் கனடாக் கடை. பின்னாலை ஒரு அலுமாரி, எட்டு வரிசை, வரிசைக்கு ஒம்பது. தேப்பன் இங்கத்தைய அலுமாரியை நினைவிலை வைச்சு அங்கை அதே மாதிரி ஒண்டு செய்தவராம். அஞ்சாம் வரிசைத் தொங்கல் லாச்சி இங்கை இறுகுறதாலை, அங்கையும் வேணுமெண்டு இறுக்கிச் செய்திருக்கிறார். அப்பம்மா இடுப்பாலை இடிச்சுத் திறக்கிறதைப் பாத்து வளந்த மனிசன். அலுமாரி எண்டா அப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு நினைச்சிருப்பார்.

"உங்கடை அப்பு நல்ல வேலைகாரர்" எண்டா ஹன்னா, சிரிக்காமல். "என்ரை அப்பா மாதிரியே இறுக்கியிருக்கிறார்."

"அப்பு கப்பலே காணேல்லை, அக்கா" எண்டன். "நான் பொய் சொன்னனான். நீங்கள் தூக்கிக்கொண்டு போயிடுவியள் எண்டு பயந்திட்டன்."

அவ சிரிச்சா. கனநேரம் சிரிச்சா. வயசு கேட்டன், என்னிலும் ரெண்டு வயசு மூப்பு. அதாலைதான் அக்கா.

எடுத்தா ஒண்டு போடவேணும்

லாச்சிக்குள்ளை என்ன இருந்தது எண்டு கேக்கப் போறாய். தங்கமில்லை. தனித்தனித் தெறி. சோடியில்லாததுகள். ஒண்டைத் துலைச்சிட்டு வாற ஆக்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திறதா ஒண்டு பாத்துச் சும்மா குடுப்பினமாம். ஒரு சட்டம்தான், எடுத்தா வேறையொண்டு போடவேணும். சுரங்கத்து ஊரிலையும் அதே சட்டம். தெறி இல்லாதவன் கூழாங்கல்லைப் போடுவான். ஒருத்தன் பல்லைப் போட்டிட்டுப் போனவனாம்.

ஹன்னாக்காவின்ரை கோட்டுக்கு ஒண்டு தேடி எடுத்தம். உடைஞ்சதைப் போட ஏலாது எண்டா அவ, அது சட்டமில்லையாம். நான் என்ரை குளிர்ச்சட்டையிலை கீழ்த் தெறியைப் பிடுங்கி உள்ளை போட்டன்.

தைக்கிறதுக்குக் கோட்டைக் கழட்டச் சொன்னன். உடுத்தபடி தைச்சா எங்கடை ஆக்களுக்குக் கூடாது. அவ கழட்டமாட்டன், குளிருது எண்டா. அப்பிடியே நிண்டபடி தைக்கத் தொடங்க, அவ என்ரை நூல்கட்டையிலை ஒரு துண்டு நூலைப் பிச்சு வாயிலை போட்டுச் சப்பத் தொடங்கிட்டா.

எனக்கு மனசு உருகிப் போச்சு. பாவம், கனடாவிலையிருந்து சாப்பிடாமல் வந்திட்டா. ஊசியைக் குத்தினபடி விட்டிட்டு ஓடிப்போய் ஒரு பருப்பு வடையை எடுத்து வாயிலை வைச்சன். அவ நூலோடை வடையைக் கடிச்சு, பேந்து துப்பவும் ஏலாமல் விழுங்கவும் ஏலாமல் நிண்டா. உடம்பிலை வைச்சுத் தைச்சா, நூலைச் சப்பவேணுமாம், அவையின்ரை ஆக்களுக்கு. செத்த ஆளுக்கு மட்டும்தானே பேசாமல் நிக்கிற உடம்பிலை தைப்பினம். சப்பினா உயிரோடை இருக்கிறம் எண்டு அர்த்தமாம்.

"வடையைச் சப்பினாலும் உயிரோடைதான்" எண்டன்.

"இன்னொண்டு தா" எண்டா.

உங்களிட்டை இருக்கோ?

மூண்டு மணிக்கு ரூபனும் பழைய சாமான்காரரும் ஒண்டா உள்ளுக்கு வந்தினம். அந்த ஆள் மீட்டர் நாடாவை இழுத்து அளக்கத் தொடங்கிட்டார். முன்னாலை நான், பக்கத்திலை வாயிலை வடையோடை ஹன்னாக்கா.

என்ன நடக்குது எண்டு நான் மூண்டு வசனத்திலை காதுக்குள்ளை சொன்னன். அவ வடையை விழுங்கிப்போட்டு முன்னாலை வந்தா.

"இந்த அலுமாரி என்ரை. நான் விக்கேல்லை. இந்த அம்மா எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்கிறா."

சாமான்காரர் நாடாவை விட்டார். அது சுருண்டு கையிலை அடிச்சுது. "உங்களிட்டைப் பேப்பர் இருக்கோ?"

"உங்களிட்டை இருக்கோ?" எண்டா ஹன்னாக்கா.

அவர் ரூபனைப் பாத்தார். ரூபன் என்னைப் பாத்தான். நான் மல்லிச் சாக்கைப் பாத்தன்.

ஹன்னாக்கா தோல் தெறி லாச்சியைத் தள்ளி மூடினா. "திறவுங்கோ" எண்டா. அந்த ஆள் இழுத்தார், முக்கினார், ஏலேல்லை. அவ இடுப்பாலை ஒண்டு குடுத்தா. லாச்சி வெளியிலை. ஆரின்ரை கடை இது எண்டு அவ அவருக்கு ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னா. அந்த மனிசன் நல்ல மனிசன்தான், முகம் மாறிப் போச்சு. தொப்பியைக் கழட்டி அவவுக்குக் கை குடுத்தார். "உப்பிடிச் சாமானை நான் தொடமாட்டன்" எண்டிட்டுப் போயிட்டார்.

ரூபன் தலையிலை கையை வைச்சான். "அம்மா, அப்ப பிரீசரை எங்கை வைக்கிறது?"

"உன்ரை கம்ப்யூட்டர் மேசை நிக்கிற இடத்திலை. நீ வீட்டிலை ஆறுதலா இருந்து பாரன்."

அவனுக்கும் சிரிப்பு வந்திட்டுது. என்ரை பிள்ளைதானே.

ஆனா துஷி, கள்ளிக்கும் நேர்மை வேணும். அந்த ஆள் போன பிறகு நான் அவவைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டன், "உண்மையிலை உங்கடைதானே. கொண்டு போறியளோ?" கேட்டனான் எண்டதையும் எழுது.

அவ சொன்னா, "என்னட்டை ஒண்டு இருக்கு. அந்த ஊர்க் கடை மூடியாச்சு. அலுமாரி என்ரை வீட்டிலை நிக்குது, சாப்பாட்டு மேசை போட இடமில்லை. எழுபத்திரண்டு லாச்சியும் வெறுமை. இதுக்கு ஆக்கள் வருகினம். இது இங்கை நிக்கட்டும்." பேந்து கொஞ்சம் வெக்கப்பட்டு, "ஒரு மணித்தியாலம் நான் கல்லாவிலை நிக்கட்டோ?" எண்டா.

என்ரை ஏப்ரனைக் கட்டிவிட்டன்.

அப்பதான் அவ கடலை நிறுத்தவ. பவளம் பாத்தது அதைத்தான். நிறுத்துப்போட்டு மேலை ஒரு சிறங்கை போட்டுவிட்டா, ஆரும் சொல்லிக் குடுக்காமலே. பழகின கை. ஒண்டு வாங்க வந்த சனம் மூண்டு வாங்கிக்கொண்டு போச்சு. பென்சன் வாத்தியார் ஹார்ட்மூட் வந்து, வழமை போலை தோல் தெறியைக் காட்டி, "அடுத்த கிழமை வந்திட்டுதோ?" எண்டார்.

"வந்திட்டுது" எண்டன். ஹன்னாக்கா இடிச்சுத் திறந்தா. மனிசன் ஒரு தெறியை எடுத்து, தன்ரை சட்டைக் கைத் தெறியைப் பிய்ச்சுப் போட்டிட்டு, இருபது வருசத்துச் சாமானோடை வீட்டை போனார்.

இருட்ட முதல் அவ வெளிக்கிட்டா. வெள்ளி பொழுதுபட்டா யூத ஆக்களுக்கு ஓய்வு நாள், வேலையில்லை. ஒரு பை வடை கட்டிக் குடுத்தன். வாசலிலை நிண்டு ஒருக்காத் திரும்பி அலுமாரியைப் பாத்தா. பாத்துப்போட்டு, "வியாபாரத்தைப் பாத்துக்கொள்" எண்டா. எனக்குச் சொன்னவ எண்டுதான் நினைக்கிறன். அலுமாரிக்கும் இருக்கலாம்.

அதுதான் கதை. ஓம், அண்டையிலிருந்து என்ரை குளிர்ச்சட்டையிலை ஒரு தெறி குறைவு. குளிர் அடிக்குது. தைக்கமாட்டன்.

அடுத்த நாள் விடிஞ்சதும் விடியாததுமாப் பவளம் படியிலை மறிச்சாள். பக்கத்து மருந்துக் கடைக்காரியும் வெளியிலை வந்திட்டாள்.

"மாமி, ஆரது, நேற்றுக் கல்லாவிலை நிண்டது?"

"கடை முதலாளி" எண்டன். "லீவிலை நிண்டவ. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறா."

"முதலாளியோ? இவ்வளவு காலமும் நாங்கள் காணேல்லையே. எவ்வளவு நாள் லீவு?"

"கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டன்.